முதல் மதிப்பெண்ணும் மூடிய கதவும்: கமலா சோஹோனியின் உணவு அறிவியல்

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் கேழ்வரகின் ஊடே அவரையை வரிசையாக விதைப்பது நெடுங்கால வழக்கம். களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் இந்த எல்லைப்புறத்தின் உழைக்கும் மக்களை வளர்த்த உணவு. சிப்காட் வளாகங்கள் வந்து, விளைநிலத்தின் ஒரு பகுதி தொழிற்சாலையாக மாறிய பின்னும் மார்கழிப் பனியில் அவரைக்காய் மூட்டைகள் எல்லையின் இருபுறமும் சந்தைகளை நிறைக்கின்றன. அந்தக் கொட்டையில் எவ்வளவு புரதம் இருக்கிறது, அதில் எவ்வளவு உடலில் சேர்கிறது, பச்சையாக உண்டால் என்ன ஆகும், வேகவைத்தால் என்ன மாறும் என்ற கேள்விகளை ஆய்வுக்கூட மேசையில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் கமலா சோஹோனி. அறிவியல் ஆய்வில் நுழைய அவர் முதலில் தட்டிய கதவு, ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், பெங்களூரில் இருந்தது. அந்தக் கதவு அவருக்கு மூடப்பட்டது.

கமலா தலித் அல்லர். வசதியும் கல்வியும் வாய்த்த ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய வாழ்க்கையை இந்தப் பகுதியில் எழுத நமக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. தகுதி, திறமை என்ற சொற்களைக் காட்டி நம் மாணவர்களைத் தடுத்து நிறுத்தும் வாதம் எவ்வளவு பொய்யானது என்பதை அந்தக் குடும்பத்திலிருந்தே வந்த ஒருவரின் அனுபவம் தெளிவாக்குகிறது. அடுத்து, அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஏழைகள் உண்ணும் பொருள்களின் ஆய்வில் செலவிட்டார். ஏழைகளின் தட்டைப் பற்றி யார் ஆராய்வது, அந்த ஆய்வில் அத்தட்டுக்கு உரியவர்களின் இடம் எது என்னும் கேள்வியை அவருடைய பணி நம்மிடம் விட்டுச் சென்றிருக்கிறது.

வேதியியல் பேசிய வீடு

கமலா 1911இல் இந்தூரில் பிறந்தார். பிறந்த வீட்டுப் பெயர் கமலா பாகவத். தந்தை நாராயணராவ் பாகவத், சிற்றப்பா மாதவராவ் பாகவத் இருவரும் வேதியியலாளர்கள். பெங்களூரில் டாட்டா நிறுவனம் என மக்கள் வழங்கிய இந்திய அறிவியல் நிறுவனத்தின் தொடக்ககால மாணவர்கள் அவர்கள். ஜாம்செட்ஜி டாட்டாவின் திட்டமும் மைசூர் அரசு வழங்கிய நிலமும் சேர்ந்து 1909இல் உருவான நிறுவனம் அது. கமலாவின் அக்கா துர்கா பாகவத் பின்னாளில் மராத்தியின் பெரும் எழுத்தாளராகவும் நாட்டார் வழக்காற்று ஆய்வாளராகவும் அறியப்பட்டார். நெருக்கடிநிலையை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

அத்தகைய வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு வேதியியல் அந்நியமான பாடமாக இருந்திருக்க முடியாது. தந்தையும் சிற்றப்பாவும் நடந்த வழியிலேயே நடப்பது என்று கமலா இளம் வயதிலேயே முடிவு செய்துகொண்டார். வேதியியலை முதன்மைப் பாடமாகவும் இயற்பியலைத் துணைப் பாடமாகவும் கொண்டு, 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளம் அறிவியல் பட்டம் பெற்றார். தகுதிப் பட்டியலில் முதலிடம் அவருடையது. அடுத்த படி பெங்களூர்தான் என்பதில் அவருக்கோ வீட்டாருக்கோ ஐயம் இல்லை.

ஒருவரின் ஆர்வமும் பள்ளி, கல்லூரி அனுபவமும் ஓர் அறிவியல் துறையாகக் கனிவதற்குப் பின்னணியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை இந்த இடத்தில் நின்று கவனிக்க வேண்டும். எந்த நிறுவனத்தில் எந்தப் பாடம் உண்டு, விண்ணப்பம் எப்போது அனுப்ப வேண்டும், மறுத்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்பவை அந்த வீட்டின் அன்றாடப் பேச்சிலேயே கிடைத்தன. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு இந்த அறிவை வீடு தருவதில்லை. அதை அரசும் சட்டமும் இயக்கமும்தான் ஈடுசெய்ய வேண்டும்.

பெங்களூரில் நடந்தது

1933இல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் சி. வி. ராமன். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் நோபல் பரிசு பெற்றிருந்தார். நாடே கொண்டாடிய பெயர். கமலாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மதிப்பெண்ணில் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் பெண் என்பதே காரணம். தந்தையும் சிற்றப்பாவும் பேசிப் பார்த்தனர், பயனில்லை.

கமலா திரும்பிப் போகவில்லை. இயக்குநரை நேரில் சந்தித்து, எந்த விதியின்படி தமக்கு இடம் மறுக்கப்படுகிறது என்று கேட்டார். அனுமதிக்காவிட்டால் அவருடைய அலுவலக வாயிலில் சத்தியாகிரகம் இருக்கப்போவதாகவும் அறிவித்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். இறுதியில் ராமன் இறங்கி வந்தார், ஆனால் நிபந்தனைகளோடு. முதல் ஓராண்டு கமலா முறையான மாணவராகக் கருதப்பட மாட்டார். வேலையின் தரம் இயக்குநருக்கு நிறைவளித்த பிறகே சேர்க்கை உறுதியாகும். ஆய்வு வழிகாட்டி விரும்பினால் இரவு எந்த நேரமானாலும் வேலை செய்ய வேண்டும். ஆண் ஆய்வாளர்களின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையில் இருக்கும் இழிவைக் கமலா உணராமல் இல்லை. கல்வி வேண்டும் என்பதற்காக ஏற்றுக்கொண்டார். ஓராண்டு முடிந்தபோது அவருடைய வேலையில் குறை சொல்ல முடியவில்லை, சேர்க்கை உறுதியாயிற்று. அதன் பின்னர் அந்நிறுவனத்தின் கதவு பிற பெண்களுக்கும் திறந்தது. ஆனால் அந்த ஓராண்டுக் காத்திருப்பை அவர் வெற்றிக்கதையாக மாற்றிக்கொள்ளவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, ராமன் பெரும் விஞ்ஞானியாக இருந்தபோதும் பெண்கள் விஷயத்தில் குறுகிய மனம் கொண்டவராக இருந்தார் என்பதைப் பொதுமேடையிலேயே கூறினார். அந்த அவமதிப்பைத் தாம் மறக்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை.

தகுதி என்ற சொல்

வழக்கறிஞர்களாக நாம் இந்த நிகழ்வை ஒரு வழக்குக் கட்டைப் போலப் பிரித்துப் பார்க்கிறோம். பல்கலைக்கழகத்தின் முதல் மதிப்பெண் கையில் இருந்தது. ஆயினும் தகுதியை மீண்டும் ஓராண்டு மெய்ப்பிக்கும் சுமை அவர் மீதே ஏற்றப்பட்டது. அவருக்குக் கீழே மதிப்பெண் பெற்ற ஆண்களிடம் அந்தச் சுமை கேட்கப்படவில்லை. ஆக, வாசலில் அளக்கப்பட்டது தகுதி அன்று, பிறப்பு. இடஒதுக்கீட்டில் வரும் மாணவர் தம் தகுதியை ஒவ்வொரு நாளும் வகுப்பறையிலும் ஆய்வுக்கூடத்திலும் நிரூபிக்க வேண்டியிருக்கும் நிலையை அறிந்தவர்களுக்கு இந்த அளவுகோல் புதிதாகத் தோன்றாது.

1933இல் கமலாவுக்கு நீதிமன்றம் செல்ல வழி இருக்கவில்லை. மத, இன, சாதி, பால், பிறப்பிட அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லும் 15ஆம் உறுப்பு, 1950இல் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகே கிடைத்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951இல் செல்லாது என்றபோது, தமிழகத்தில் எழுந்த போராட்டத்தின் அழுத்தத்தால் முதல் திருத்தம் வந்து 15(4) சேர்ந்தது. மத்தியக் கல்வி நிறுவனங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடம் வழங்க வேண்டும் என்று நாடாளுமன்றம் தனிச்சட்டமாக இயற்றியது 2006இல்தான். கமலாவுக்குக் குடும்பத்தின் செல்வாக்கும் தம் பிடிவாதமும் பெற்றுத்தந்த இடத்தை, அவை இல்லாதவர்களுக்கு உரிமையாக மாற்ற இத்தனை ஆண்டுகள் ஆயின.

இதே தடையைக் கடலுக்கு அப்பால் நிறத்தின் பெயரால் சந்தித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவயதில் செடிகளின் மீது தீராத ஆர்வம். துணி துவைத்தும் சமையல் வேலை செய்தும் ஊர் ஊராகச் சென்று பள்ளிப்படிப்பை முடித்தார். 1880களில் கான்சாஸ் மாநிலத்துக் கல்லூரி ஒன்று அஞ்சல்வழியே இடம் தந்துவிட்டு, நேரில் சென்றபோது கறுப்பர் என்று கண்டு திருப்பி அனுப்பியது. பிறகு அயோவாவில் வேளாண் அறிவியல் படித்து, டஸ்கீகி நிறுவனத்தில் ஆசிரியரானார். பருத்தியால் சத்திழந்த நிலத்தில் கறுப்பின உழவர்கள் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பயிரிட வழிகாட்டினார். நிலக்கடலையை உணவாகச் சமைக்க 105 வழிகளைத் தொகுத்து 1916இல் சிறு வெளியீடாக அச்சிட்டார். குதிரை வண்டியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு கிராமங்களுக்கே பாடம் சென்று சேர ஏற்பாடு செய்தார்.

இருவரையும் அருகருகே வைத்தால் ஒற்றுமையும் வேறுபாடும் புலப்படும். இருவரும் வாசலில் பிறப்பின் பெயரால் மறுக்கப்பட்டவர்கள். இருவரும் ஏழைகளின் உணவுக்கே வந்து சேர்ந்தவர்கள். ஆனால் கார்வர் ஆராய்ந்தது அவரே பிறந்து வளர்ந்த மக்களின் உணவை. கமலா ஆராய்ந்தது தம் வீட்டுக்கு வெளியே இருந்தவர்களின் உணவை.

பருப்பிலிருந்து உருளைக்கிழங்குக்கு

பெங்களூரில் கமலாவுக்கு வழிகாட்டியாக அமைந்தவர் எம். ஸ்ரீனிவாசய்யா. கண்டிப்பானவர், ஆனால் கற்றுத் தருவதில் குறை வைக்காதவர். அவரிடம் கமலா உயிர்வேதியியலின் செம்மையான நூல்களையும் புதிய ஆய்வுகளையும் படிக்கப் பழகினார். அவர் எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள் பாலிலும் பருப்பு வகைகளிலும் உள்ள புரதங்கள். இறைச்சியும் முட்டையும் பாலும் வாங்க வழியற்ற குடும்பங்களுக்குப் பருப்பே முதன்மையான புரதம். வீட்டில் கற்ற வேதியியல் உணவு அறிவியலாகத் திரும்பிய இடம் இதுதான். 1936இல் இந்த ஆய்வுக்கு முதுகலைப் பட்டம் கிடைத்தது.

அதே 1936இல்தான் அம்பேத்கர் பம்பாயில் சாதி ஒழிப்பு நூலை வெளியிட்டார். ஒரே நகரின் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய இருவர். ஒருவர் சாதி ஒரே பந்தியில் உட்காரவிடாத சமூகத்தை ஆராய்ந்தார், மற்றவர் பந்தியில் வைக்கப்படும் பருப்பை ஆராய்ந்தார். இந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளவில்லை. இந்திய உணவு அறிவியல் சாதியைத் தன் பாடமாக எடுத்துக்கொள்ளாமலே வளர்ந்தது.

உதவித்தொகை பெற்றுக் கமலா கேம்பிரிட்ஜ் சென்றார்; நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். வைட்டமின் ஆய்வுக்காக 1929இல் நோபல் பரிசு பெற்ற பிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸின் உயிர்வேதியியல் கூடத்தில் வேலை செய்ய விரும்பினார். இடம் நிரம்பியிருந்தது. அங்கிருந்த டெரெக் ரிக்டர் என்ற ஆய்வாளர், பகலில் தம் மேசையைக் கமலாவுக்கு விட்டுக்கொடுத்துத் தாம் இரவில் வேலை செய்ய முன்வந்தார். பெங்களூரில் நிபந்தனைப் பட்டியல் கிடைத்தது. இங்கே ஒரு மேசை கிடைத்தது. நிறுவனத்தின் வாசலைக் கடப்பதோடு போராட்டம் முடிந்துவிடுவதில்லை என்பதையும், உள்ளே ஒருவர் நகர்ந்து இடம் தருவது எவ்வளவு பெரிது என்பதையும் ஆய்வுப் படிப்பில் இருக்கும் நம் மாணவர்கள் நன்கு அறிவர்.

பின்னர் ராபின் ஹில் என்ற தாவர உயிர்வேதியியலாளருடன் பணியாற்றினார். உருளைக்கிழங்கை ஆராய்ந்தபோது அதில் சைட்டோகுரோம் சி என்னும் புரதம் இருப்பதைக் கண்டறிந்தார். உயிரணு உணவிலிருந்து ஆற்றலைப் பெறும்போது மின்னணுக்களைக் கடத்தி உதவும் இரும்புச்சத்துள்ள புரதம் அது. தாவரத் திசுக்களிலும் அது செயல்படுகிறது என்பதை அவருடைய ஆய்வு காட்டியது. 14 மாதங்களில் ஆய்வை முடித்து, சுமார் 40 பக்க ஆய்வேட்டை அளித்தார். 1939இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று அவரைக் குறிப்பிடுவது வழக்கம். இந்த இடத்தில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். தலச்சேரியில் தீயர் சமூகத்தில் பிறந்து, சென்னையில் படித்து, கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய ஜானகி அம்மாள், 1931லேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் டாக்டர் ஆஃப் சயின்ஸ் பட்டம் பெற்றுவிட்டார். முதலாமவர் யார் என்ற பட்டியல்களை எழுதுவோர் அவரை அடிக்கடி மறந்துபோவதைத் தற்செயல் என்று நம்மால் கடந்துபோக முடியவில்லை.

குன்னூர், பம்பாய்

வெளிநாட்டில் தொடர வாய்ப்புகள் இருந்தும் கமலா 1939இல் நாடு திரும்பினார். டெல்லியில் லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியின் உயிர்வேதியியல் துறைக்குப் பேராசிரியராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றார். அதன் பிறகு நீலகிரிக்கு வந்தார். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் துணை இயக்குநராகி, வைட்டமின்களின் விளைவுகளை ஆராய்ந்தார்.

குன்னூர் ஆய்வுக்கூடத்தைப் பற்றித் தமிழ் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். தீட்டிய அரிசியை மட்டுமே நம்பிய ஏழைகளைத் தாக்கிய பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்காரிசன் 1918இல் தொடங்கிய சிறு பிரிவிலிருந்து வளர்ந்தது அது. இந்திய உணவுப் பொருள்களின் சத்துகளை அட்டவணைப்படுத்திய முதன்மையான வெளியீடு 1937இல் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் கூடமே 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. கேழ்வரகில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து, கொள்ளில் எவ்வளவு புரதம் என்று இன்று பாடநூல்களில் நாம் படிக்கும் எண்களின் வரலாறு நீலகிரி மலையிலிருந்து தொடங்குகிறது.

1947இல் எம். வி. சோஹோனியை மணந்து கமலா பம்பாயில் குடியேறினார். அங்கே ராயல் அறிவியல் நிறுவனத்தில் புதிதாகத் தொடங்கப்பட்ட உயிர்வேதியியல் துறையின் பேராசிரியரானார். அவருடைய நீண்ட, பயன்மிக்க பணிக்காலம் இதுவே. அவரும் மாணவர்களும் எடுத்துக்கொண்டவை பெரும்பாலும் எளிய மக்களின் உணவுப் பொருள்கள்: பருப்புகள், நீரா என்னும் பனைச்சாறு, நெல்லிலிருந்து பெறும் மாவு. ஆரே பால் திட்டத்துக்கும் தர மேம்பாட்டில் ஆலோசனை வழங்கினார்.

அவரையும் பதநீரும்

பருப்பில் புரதம் நிறைய உண்டு என்பதோடு கேள்வி முடிவதில்லை. உண்ட புரதத்தைக் குடலில் உடைப்பது டிரிப்சின் என்னும் நொதி. பச்சைப் பருப்புகளிலும் சில காய்களிலும் அந்த நொதியைச் செயல்படவிடாமல் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. இந்திய உணவுப் பொருள்களில் இந்த டிரிப்சின் தடுப்பான்கள் எவை, எவற்றில் உள்ளன என்பதைக் கமலாவும் அவருடைய குழுவினரும் 1950களில் ஆராய்ந்து வெளியிட்டனர். 1960களில் அவரைக்கொட்டையில் உள்ள, இரத்தச் சிவப்பணுக்களை ஒட்டித் திரளச் செய்யும் புரதங்களை ஆராய்ந்தனர். ஊறவைத்து நன்கு வேகவைக்கும்போது இந்தப் பொருள்களின் வீரியம் பெருமளவு அழிகிறது. அவரைக்கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, தோலைப் பிதுக்கி, குழைய வேகவைக்கும் நம் வட்டாரப் பெண்களின் சமையல் முறைக்குப் பின்னால் உள்ள அறிவியல் இது.

இதில் வறுமைக்கும் பங்கு உண்டு. பருப்பைக் குழைய வேகவைக்க விறகோ எரிவாயுவோ நெடுநேரம் செலவாகும். ஆலை வேலைக்கு விடியற்காலையில் பேருந்து பிடிக்கும் பெண்ணுக்கு நேரமும் இல்லை, எரிபொருளும் மிச்சமில்லை. அரைகுறையாக வெந்த பருப்பின் புரதம் முழுமையாகச் செரிப்பதில்லை. தட்டில் எத்தனை கிராம் என்ற கணக்கோடு, உடலில் எத்தனை கிராம் சேர்ந்தது என்ற கணக்கையும் கேட்கக் கற்றுத்தருகிறது கமலாவின் ஆய்வு.

நீரா ஆய்வைக் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் யோசனையின் பேரில் அவர் தொடங்கினார். பனை இனங்களிலிருந்து இறக்கும், புளிக்காத இனிப்புச் சாறே நீரா. நாம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரின் உறவு. அதில் வைட்டமின் ஏ, வைட்டமின் சி, இரும்புச்சத்து ஆகியவை குறிப்பிடத்தக்க அளவில் இருப்பதையும், சாற்றைக் காய்ச்சி வெல்லமாக்கிய பின்னும் சத்துகள் எஞ்சுவதையும் அவருடைய குழு கண்டது. சத்துக்குறைவால் வாடிய பழங்குடிச் சிறார்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் நீரா கொடுத்தபோது உடல்நிலை முன்னேறியது. இந்தப் பணிக்காகக் குடியரசுத் தலைவர் விருது அவருக்கு அளிக்கப்பட்டது.

நம் மாவட்டத்துக்கு இந்தச் செய்தி தனிப் பொருளுடையது. இன்றைய கிருஷ்ணகிரி அன்றைய சேலம் மாவட்டத்தின் பகுதி. ராஜாஜி அரசு 1937இல் மதுவிலக்கை முதன்முதலாகச் செயல்படுத்தியது சேலம் மாவட்டத்தில்தான். கள் இறக்குவதைத் தடுத்த சட்டம் பனையேறிகளின் பிழைப்பை ஒரே நாளில் குற்றமாக்கியது. பனைச்சாற்றின் சத்தை அறிவியல் மெய்ப்பித்தபோதும், அதை இறக்கும் தொழிலாளியின் கூலியும் காப்பீடும் மாண்பும் அறிவியல் அறிக்கையில் இடம்பெறவில்லை. சத்து ஆய்வுக்கூடத்துக்குச் சென்றது. பனையேறி மரத்திலேயே நின்றார்.

நாற்காலியும் நுகர்வோரும்

விருதும் வெளியீடுகளும் இருந்தும், ராயல் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் பதவி கமலாவுக்கு உரிய காலத்தில் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. நிறுவனத்தின் உள்ளரசியல் அவரைக் காக்க வைத்தது. இருபது வயதில் வாசலில் நிறுத்தப்பட்டவர், அரைநூற்றாண்டு வயதைத் தாண்டிய பிறகும் நாற்காலிக்கு முன் நிறுத்தப்பட்டார். இறுதியில் இயக்குநரானார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் ஆய்வுக்கூடத்தை விட்டு அங்காடிக்கு வந்தார். 1966இல் பெண்கள் சிலர் தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டுச் சங்கத்தில் ஊக்கத்துடன் செயல்பட்டார். 1982–83இல் அதன் தலைவராக இருந்தார். அச்சங்கத்தின் கீமத் இதழில் நுகர்வோர் பாதுகாப்பு பற்றி எழுதினார். 1998இல் இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் டெல்லியில் அவருக்குப் பாராட்டு விழா நடத்தியது. அவ்விழாவிலேயே மயங்கிச் சரிந்த அவர் சில நாள்களில் காலமானார். நாட்டின் அறிவியல் உலகம் அவரை முழுமையாக நினைவுகூர்ந்தது அந்தக் கடைசிப் பொழுதில்தான்.

எல்லைப்புற மாணவர்களுக்கு

கமலாவின் ஆய்வுப்பொருளான புரதம் இன்று சட்டத்தின் மொழியிலும் இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணை, பள்ளிக் குழந்தைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவு தர வேண்டும் என்றது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கப்பள்ளிக்கு 12 கிராம், உயர் தொடக்கப்பள்ளிக்கு 20 கிராம் என அதை உயர்த்தியது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று, சமையலர், உதவியாளர் பணிகளில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தனர். பருப்பில் புரதம் எத்தனை கிராம் என்பதை அளக்கும் கருவி நம்மிடம் இருக்கிறது. அதைச் சமைத்த கையைப் பார்த்து உணவை மறுக்கும் நோய்க்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதை நடைமுறைப்படுத்த வைக்கும் போராட்டமுமே மருந்து.

கிருஷ்ணகிரி மாவட்டம் உணவு அறிவியலுக்கு ஏற்ற மண். பெங்களூரா மாம்பழக் கூழ் ஆலைகள் இங்கே இயங்குகின்றன. பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே கேழ்வரகு, கொள்ளு ரகங்கள் வெளிவந்துள்ளன. இராயக்கோட்டைத் தக்காளியும் தளிக் காய்கறியும் தினமும் எல்லை கடக்கின்றன. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன. உணவு ஆலை உரிமம் பெற வேதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவுத் தொழில்நுட்பம் போன்ற படிப்பு முடித்த ஒருவரையாவது உற்பத்தியை மேற்பார்வையிட வைத்திருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின் நிபந்தனை. ஆனால் நம் மக்கள் பெரும்பாலும் அந்த ஆலைகளுக்குள் பருவக் கூலிகளாகவே நுழைகிறார்கள். மாம்பழத்தை வெட்டும் கையிலிருந்து அதன் அமிலத்தன்மையை அளக்கும் கைக்கு உள்ள தூரம் ஒரு பட்டப்படிப்பின் தூரம்.

ஆய்வுக்கான கேள்வியை நம் மாணவர்கள் வெளியே தேடத் தேவையில்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் வளர்ந்தவருக்குத் தண்ணீர்ச் சாம்பாரும் பள்ளிச் சத்துணவு முட்டையும் வீட்டுக் களியும் கொள்ளு ரசமும் தெரியும். கமலாவுக்கு வீட்டில் வேதியியல் இருந்தது. ஏழைகளின் தட்டை அவர் தேடிச் சென்று அறிய வேண்டியிருந்தது. நமக்குத் தட்டு வீட்டிலேயே இருக்கிறது. வேதியியலைத்தான் போராடிப் பெற வேண்டியிருக்கிறது. கார்வர் அப்படித்தான் பெற்றார்.

ஆகவே இப்பகுதிக் கல்லூரிகளில் உயிர்வேதியியல், ஊட்டச்சத்து, உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம். உங்கள் படிப்பின் செய்முறைத் திட்டத்துக்கு, நீங்கள் தங்கும் அல்லது தங்கியிருந்த விடுதியின் ஒரு வார உணவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் பருப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு, புரதம் எத்தனை கிராம் என்று அளந்து எழுதுங்கள். விடுதிக்கு அரசு நிர்ணயித்த உணவுப் பட்டியலை, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துப் பெற்று அருகில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு உங்கள் ஆய்வேட்டின் முடிவாக இருக்கும். மாவட்ட ஆட்சியரிடம் அளிக்க வேண்டிய மனுவாகவும் அதுவே இருக்கும். அந்த மனுவை எழுதவும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கு எடுத்துச் செல்லவும் இந்த எல்லைப்புறத்தில் வழக்கறிஞர்களாக நாம் இருக்கிறோம்.